ஆடினால் தவறில்லை, அடங்க வேண்டும்!

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. சுமத்ராவின் மேற்குப் பகுதியில் உள்ள பாசாமான் வட்டாரத்தில் நிலம் நடுங்கியது. அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், அடுக்குமாடி வீடுகளின் தொங்கு விளக்குகள் தாமாக ஊசலாடின. பயந்துபோன மக்கள் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வந்தார்கள். ஆனால், அதே வட்டாரத்தில் தரை வீடுகளில் இருந்த பலருக்கு எதுவுமே தெரியவில்லை. தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு விஷயம் எட்டியது.

2005ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, சுமத்ராவுக்கு அருகே நியாஸ் தீவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோதும் இதே கதைதான். உயரத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். தரையில் இருந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள்.

ஒரே ஊர், ஒரே நிலம், ஒரே நிலநடுக்கம். பிறகு ஏன் இந்த வேறுபாடு? 20ஆவது மாடியில் ஆட்டம் தெரிந்தால் கட்டடம் பலவீனமாக இருக்கிறது என்று பொருளா? வானத்தைத் தொடும் கோபுரங்களும், தமிழ்நாட்டு வயல்வெளிகளில் சுழலும் ராட்சதக் காற்றாலைகளும் ஆடாமல் நிற்கின்றனவா, ஆடிக்கொண்டே நிற்கின்றனவா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி எச்சரிக்கையாக மாறிவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரு தாளம்

திருமண வீட்டு ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதில் உட்கார்ந்திருப்பவரை ஒருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். பலம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் அந்த நொடியில் லேசாகத் தட்டினால் போதும், ஒவ்வொரு தட்டுக்கும் அது இன்னும் உயரமாகப் போகும். அதே ஆள் நேரம் தவறித் தள்ளினால், எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஊஞ்சல் தடுமாறும், உயரே போகாது.

ஊஞ்சலுக்கு மட்டும் அல்ல, உலகில் நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இப்படித் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. தென்னை மரத்துக்கு ஒன்று, விளக்குக் கம்பத்துக்கு ஒன்று, மாடிக் கட்டடத்துக்கு ஒன்று. இதை 'இயல்பு அதிர்வெண்' என்பார்கள். வெளியிலிருந்து வரும் தள்ளுதல் இந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால், சிறிய தள்ளுதலும் பெரிய ஆட்டமாக வளரும். அதற்குப் பெயர் 'ஒத்ததிர்வு'.

கட்டடங்களுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால், கட்டடம் ஒரு முறை இப்படியும் அப்படியும் ஆடி முடிக்க எத்தனை வினாடி ஆகும் என்பது தோராயமாகக் கிடைக்கும். இரண்டு மாடி வீடு என்றால் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 20 மாடி என்றால் 2 வினாடி. உயரம் கூடக்கூடத் தாளம் மெதுவாகிறது.

நிலநடுக்க அலைகளிலும் வேகமானவை, மெதுவானவை என்று பல வகை உண்டு. வேகமாகத் துடிக்கும் அலைகள் நெடுந்தூரம் வருவதற்குள் நிலத்திலேயே கரைந்துவிடும். மெதுவாக அசையும் அலைகள் கடலையும் கடந்து வரும். அப்படி வந்து சேரும் அலைகளின் தாளமும் உயரமான கட்டடங்களின் தாளமும் ஒன்றாக இருக்கும்போது, மேல்மாடி விளக்கு ஆடுகிறது. தரை வீட்டின் தாளம் வேறு. அதனால் அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. இதைத் தவிர மண்ணும் சேர்ந்துகொள்ளும். மென்மையான களிமண் நிலம் இந்த மெதுவான அசைவுகளைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெரிதாக்கும்.

1985ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி மெக்சிகோ நகரில் நடந்தது இதற்கு வேதனையான சாட்சி. நிலநடுக்கத்தின் மையம் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் கடற்கரையில் இருந்தது. ஆனால் நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகையின் மீது எழுந்தது. அந்தக் களிமண்ணின் தாளமும் நடுத்தர உயரக் கட்டடங்களின் தாளமும் ஒத்துப்போயின. சிறிய வீடுகளும் மிக உயரமான கட்டடங்களும் பெரும்பாலும் தப்பிக்க, இடைப்பட்ட உயரம் கொண்ட கட்டடங்களே அதிகம் நொறுங்கின. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

காற்று எப்படி ஆட்டுகிறது?

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். பலமான காற்று தள்ளும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொறியியலாளர்கள் அதிகம் கவலைப்படுவது பலமான காற்றைப் பற்றி மட்டும் அல்ல. சீராக வீசும் மிதமான காற்றும் சில நேரங்களில் வம்பு செய்யும்.

ஆற்றில் நட்ட மூங்கிலுக்குப் பின்னால் நீர் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுழி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிக் கிளம்பும். உருளையான தூணைக் கடந்து போகும் காற்றும் அப்படித்தான். இடது சுழி கிளம்பும்போது தூண் ஒரு பக்கம் இழுக்கப்படுகிறது. வலது சுழி கிளம்பும்போது மறுபக்கம். ஆக, காற்று முன்னிருந்து வீசினாலும் தூண் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 1 மீட்டர் குறுக்களவு உள்ள குழாய் மீது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வினாடிக்கு ஏறத்தாழ 2 முறை இந்த இடவல இழுப்பு நடக்கும். அந்தக் குழாயின் சொந்தத் தாளமும் வினாடிக்கு 2 முறை என்று இருந்துவிட்டால்? ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளும் ஆள் வந்துவிட்டார் என்று பொருள். வினாடிக்கு 10 மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர்தான். புயல் வர வேண்டிய அவசியமே இல்லை.

இரட்டைக் கோபுரப் பாலத்தின் ரகசியம்

இந்தச் சிக்கல் எங்கோ அயல்நாட்டில் மட்டும் வந்தது என்று எண்ண வேண்டாம். நம் கோலாலம்பூரின் நடுவிலேயே அதற்கு அருமையான எடுத்துக்காட்டு நிற்கிறது.

451.9 மீட்டர் உயரமும் 88 மாடிகளும் கொண்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைக் கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி வடிவமைத்தார். முழுக்க எஃகுச் சட்டமாகக் கட்டாமல், உறுதிமிக்க கான்கிரீட்டை முதன்மையாகக் கொண்டு அது எழுப்பப்பட்டது. கான்கிரீட் கனமானது; எளிதில் அசையாது. அதோடு, ஆட்டத்தைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும் தன்மை எஃகைவிட அதற்கு அதிகம். கோபுரத்தின் மையத்தில் பெரிய கான்கிரீட் கருவும், ஓரத்தில் வளையமாக 16 தூண்களும் சேர்ந்து அதைத் தாங்குகின்றன.

ஆனாலும் கோபுரங்கள் ஆடும். ஒன்று கிழக்கே சாயும்போது மற்றது மேற்கே சாயலாம். அப்படியிருக்க, 41ஆவது, 42ஆவது மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில், இரண்டையும் இணைத்து நிற்கும் அந்தப் பாலம் என்னவாகும்? இரு முனைகளையும் இறுகக் கட்டிப் போட்டிருந்தால், கோபுரங்கள் இழுத்த இழுப்பில் அது கிழிந்துவிடும்.

அதனால்தான் ஏறத்தாழ 58 மீட்டர் நீளமும் 750 டன் எடையும் உள்ள அந்தப் பாலம் கோபுரங்களோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. அதன் முனைகள் நழுவிக்கொடுக்கும். பாலத்தின் நடுப்பகுதியை, 29ஆவது மாடியிலிருந்து சாய்வாக எழும் எஃகுக் கால்கள் தாங்குகின்றன. கால்கள் சேரும் இடங்களிலும் மூட்டு போன்ற அமைப்புகள் உண்டு. கோபுரங்கள் விலகினாலும் நெருங்கினாலும் பாலம் நடுவிலேயே நிற்கும். நம் முழங்காலும் இடுப்பும் எப்படி வளைந்து கொடுக்கின்றனவோ, அப்படி.

சிக்கல் அந்தக் கால்களில்தான் வந்தது. அவை நீளமான, மெலிந்த, உருளையான எஃகுக் குழாய்கள். மேலே சொன்ன இடவலச் சுழிகளுக்கு இதைவிட ஏற்ற இடம் வேறு கிடையாது. எஃகுக் குழாய்க்கு ஆட்டத்தை விழுங்கும் தன்மையும் மிகக் குறைவு. ஒரு முறை ஆடத் தொடங்கினால் கோயில் மணி போல அதிர்ந்துகொண்டே இருக்கும். காற்றுச் சோதனைகளைச் செய்த கனடாவின் ஆர்.டபிள்யூ.டி.ஐ. நிறுவனத்தார் இதைக் கவனித்தார்கள். அதன் விளைவாக, அந்தக் கால்களுக்குள்ளேயே அதிர்வைத் தணிக்கும் எடைகள் வைக்கப்பட்டன.

கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளும் லட்சக்கணக்கான சுற்றுப்பயணிகளில் எத்தனை பேருக்கு, அந்தக் கால்களுக்குள் எடைகள் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தெரியும்?

ஆட்டத்தை ஆட்டத்தால் அடக்குவது

இந்த எடைத் தணிப்பான் வேலை செய்யும் விதம் வியப்பானது. ஒரு பெரிய பொருளின் மீது, சுருளிலோ ஊசலிலோ ஒரு சிறிய எடையைப் பொருத்துகிறார்கள். அந்தச் சிறிய எடையின் தாளத்தையும் பெரிய பொருளின் தாளத்தையும் ஒன்றாக்குகிறார்கள். பெரிய பொருள் ஆடும்போது, சிறிய எடையும் ஆடத் தொடங்கும். ஆனால் சற்றுப் பின்தங்கி ஆடும். பெரியது வலப்பக்கம் போகப் பார்க்கும்போது, சிறியது இடப்பக்கம் பிடித்து இழுக்கும். பெரியதன் ஆட்டம் சிறியதற்குப் போய்ச் சேரும். அங்கே எண்ணெய் நிரம்பிய உருளைகள் அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் கரைத்துவிடும். மோட்டார் சைக்கிளில் இருக்கும் 'அப்சோர்பர்' செய்யும் அதே வேலைதான்.

ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃப்ராம், 1909ஆம் ஆண்டு இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நூறு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு, இன்றும் பழசாகவில்லை. தைவானில் 508 மீட்டர் உயரமுள்ள தைப்பே 101 கட்டடத்தின் உச்சிப் பகுதியில், 660 டன் எடையுள்ள பொன்னிறக் கோளம் ஒன்று கம்பி வடங்களில் தொங்குகிறது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சவுடெலோர் சூறாவளி வீசியபோது, அந்தக் கோளம் ஒரு மீட்டர் அளவுக்கு ஊசலாடிக் கட்டடத்தைக் காத்தது.

தைப்பேக்குப் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். காப்பார் பக்கமாகப் போகும்போது, உயர் அழுத்த மின்கம்பிக் கோபுரங்களை அண்ணாந்து பாருங்கள். கோபுரத்தை ஒட்டிக் கம்பிகளில், உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல் போன்ற சிறு பொருள்கள் தொங்கும். பலர் அதை மின்சாரம் சம்பந்தப்பட்ட ஏதோ கருவி என்று நினைப்பார்கள். அதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பே கிடையாது. லேசான காற்றில் கம்பி வீணைத் தந்தி போல அதிர்ந்து, பிடிமானத்தில் இழை இழையாக அறுந்துவிடாமல் காக்கும் தணிப்பான் அது. 1920களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் கண்டுபிடித்தது. ஒரு கைக்கு அடங்கும் பொருள். ஊருக்கே மின்சாரம் போகும் கம்பியைக் காப்பாற்றுகிறது.

காற்றாலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

கட்டடத்தைக் காற்று வெளியிலிருந்து ஆட்டுகிறது. காற்றாலைக்கோ வெளியிலும் காற்று, தலையிலும் சுழலும் இயந்திரம். ஒரு மெலிந்த எஃகுத் தூண். அதன் உச்சியில் நூறு டன்னுக்கும் மேலான இயந்திர அறை. அதன் முகத்தில் மூன்று நீண்ட இறக்கைகள். தலைக்கனத்தோடு பிறந்த கட்டுமானம் என்றால் அது இதுதான்.

தமிழர்களுக்குக் காற்றாலை புதிதல்ல. 1986ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வரும் முப்பந்தல் வட்டாரம், இன்று உலகம் அறிந்த காற்றாலைக் காடு. தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பயணம் செய்த நம் ஊர்க்காரர்கள், வழிநெடுக அந்த இறக்கைகளைப் பார்த்து வியந்திருப்பார்கள்.

அன்றைய காற்றாலைகள் குட்டையானவை. இன்று இந்தியாவில் 140 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான தூண்கள் நிற்கின்றன. பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதுபோல் மூன்று சிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தத் தூணின் உச்சியை எட்டாது. உயரே போகப் போகக் காற்று பலமாகவும் சீராகவும் வீசும், மின்சாரம் கூடும் என்பதால்தான் இந்த வளர்ச்சி. ஆனால் உயரம் கூடினால் தாளம் மெதுவாகும் என்பதை முன்பே பார்த்தோம். அங்கேதான் வினை தொடங்குகிறது.

80 மீட்டர் தூண் உள்ள ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். அதன் தூண் ஒரு முறை ஆட ஏறத்தாழ 3 வினாடி ஆகும் என்று வைப்போம். இறக்கைகள் நிமிடத்துக்கு 15 முறை சுற்றுகின்றன. அதாவது, ஒரு சுற்றுக்கு 4 வினாடி. மூன்று இறக்கைகளில் ஒன்றின் எடை சற்றே கூடுதலாக இருந்தாலும், 4 வினாடிக்கு ஒரு முறை தூணுக்கு ஓர் இழுப்பு. அதோடு, ஒவ்வோர் இறக்கையும் தூணின் முன்னே கடக்கும்போது காற்றின் தள்ளுதல் ஒரு கணம் குறையும். மூன்று இறக்கைகள் என்பதால், 1.33 வினாடிக்கு ஒரு முறை இந்தத் தட்டு விழும். தூணின் 3 வினாடித் தாளம், 4 வினாடிக்கும் 1.33 வினாடிக்கும் இடையே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் படாமல் நடுவில் நடக்கும் கயிற்று நடை இது.

தூணை இன்னும் உயர்த்தினால் 3 வினாடி 4 ஆகும், 5 ஆகும். அப்போது இயந்திரம் நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும்போது, ஏதோ ஒரு வேகத்தில் இறக்கையின் தட்டும் தூணின் தாளமும் சந்தித்தே தீரும். தூணை இன்னும் தடிமனாக்கிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். தீரும். ஆனால் எஃகின் விலை ஏறும், எடை ஏறும். சாலை வழியே கொண்டு போகும்போது அந்தப் பெரிய வளையம் பாலத்தின் அடியில் நுழையாது. ஆகவே ஆட்டத்தை அடக்கும் வித்தைதான் வழி.

அடக்கும் வித்தைகள்

முதல் வித்தை, கணினியின் கையில் இருக்கிறது. ஆபத்தான அந்தச் சுழற்சி வேகத்தில் இயந்திரம் தங்கவே கூடாது என்று கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லிவைக்கிறார்கள். அந்த வேகம் வந்தால் சட்டென்று தாண்டிவிடும். கரடுமுரடான சாலைப் பகுதியை வண்டியோட்டி விரைந்து கடப்பது போல.

இரண்டாவது வித்தை, இறக்கைகளில். தூண் முன்னும் பின்னும் ஆடுவதை உச்சியில் உள்ள உணர்கருவி கவனிக்கிறது. அதற்கேற்ப இறக்கைகளின் கோணத்தைச் சிறிது திருப்பினால், காற்றே ஆட்டத்துக்கு எதிராகத் தள்ளும். சுழலும் இறக்கைகள் இயல்பாகவே முன்பின் ஆட்டத்தைப் பெரிதும் தணிக்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு அந்த உதவி குறைவு. அதற்கு ஜெனரேட்டரின் சுமையை நொடிக்கு நொடி மாற்றி எதிர்ப்பு கொடுப்பார்கள்.

மூன்றாவது வித்தை, இரட்டைக் கோபுரப் பாலத்தில் செய்த அதே வித்தை. தூணின் உச்சியில் ஊசல் எடையைத் தொங்கவிடுவது, அல்லது நீர் நிரம்பிய தொட்டியை வைப்பது. குடத்து நீர் தளும்புவது போலத் தொட்டி நீரும் எதிர்ப்பக்கம் தளும்பி ஆட்டத்தை விழுங்கும்.

நான்காவது, பலரும் அறியாதது. காற்றாலைத் தூணுக்கு மிகவும் ஆபத்தான காலங்களில் ஒன்று, அது வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே வருகிறது. தூணை நிறுத்தியாகிவிட்டது, உச்சியில் இயந்திர அறை இன்னும் ஏறவில்லை. ஆட்டத்தைத் தணிக்கும் இறக்கைகளும் இல்லை. அந்த நேரத்தில் சீரான காற்று வீசினால், வெறும் தூண் சுழிகளில் சிக்கி ஆடும். அதனால் மேல் பகுதியில் தடித்த கயிற்றைத் திருகு போலச் சுற்றிவிடுவார்கள். சுழிகள் ஒரே நேரத்தில் கிளம்பாமல் கலைந்து போகும். எஃகுப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகாணி போன்ற பட்டைகள் ஓடுவதும் அழகுக்காக அல்ல, இதே காரணத்துக்காகத்தான்.

இவ்வளவும் எதற்கு? காற்றாலை ஒரே நாளில் சாய்ந்துவிடும் என்ற பயத்தால் மட்டும் அல்ல. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பது உலோகத்துக்கும் பொருந்தும். 3 வினாடிக்கு ஓர் ஆட்டம் என்றால் நிமிடத்துக்கு 20. ஒரு நாளைக்கு 28,800. ஓர் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல். 20 ஆண்டுகளில் 21 கோடி. ஒவ்வோர் ஆட்டமும் பற்றவைத்த இணைப்பில், போல்ட்டில், அடித்தளத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு சோர்வை விட்டுச் செல்கிறது. அது சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விரிசலாகும். ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், இணைப்புகளின் ஆயுள் பல மடங்கு கூடும். அந்த ஆயுளை நம்பித்தான், தூணுக்குள் இருக்கும் ஏணியில் ஏறிப் போல்ட்டுகளைச் சோதிக்கும் தொழிலாளியின் உயிரும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கான அறிவும் வளர்ந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு சென்னையில் அமைக்கப்பட்ட காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில் அதன் சோதனை நிலையம் இருக்கிறது.

நம் நாட்டுக்கு என்ன தொடர்பு?

மலேசியாவில் காற்று மென்மையானது. பெரும்பாலான இடங்களில் பெரிய காற்றாலைக்குப் போதாது. 2007ஆம் ஆண்டு பெர்ஹெந்தியான் கெச்சில் தீவில் தலா 100 கிலோவாட் திறனுள்ள இரண்டு காற்றாலைகள் நிறுவப்பட்டன. முப்பந்தல் போன்ற காடு இங்கே எழ வாய்ப்பில்லை.

ஆனால், அதிர்வை அடக்கும் கலையில் நம் நாட்டின் பங்கு சிறியதல்ல. அந்தப் பங்கு நம் தாத்தா பாட்டிகளின் கைகளிலிருந்து போனது. ஆம், ரப்பர்!

ரப்பர் தகடுகளையும் எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் ஒரு விசித்திரமான தாங்கி கிடைக்கும். மேலிருந்து எவ்வளவு கனத்தை வைத்தாலும் அமுங்காது. பக்கவாட்டில் மட்டும் மென்மையாக நெளிந்து கொடுக்கும். கட்டடத்தை இத்தகைய தாங்கிகள் மீது நிறுத்தினால், கீழே நிலம் விரைந்து நடுங்கினாலும் மேலே கட்டடம் மெதுவாக அசையும். அதாவது, கட்டடத்தின் தாளத்தையே மாற்றி, நிலநடுக்கத்தின் தாளத்திலிருந்து விலக்கிவிடுகிறோம்.

அமெரிக்காவில் இந்த முறையில் எழுந்த முதல் கட்டடம், கலிபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்காவில் 1985ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நீதிமன்ற வளாகம். அது 98 ரப்பர் தாங்கிகள் மீது நிற்கிறது. ஆட்டத்தை விழுங்கும் அந்தத் தனி ரக இயற்கை ரப்பர்க் கலவையை உருவாக்கியது, மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சிச் சங்கம். பிரிட்டனில் இயங்கிய அந்த ஆய்வுக்கூடம், இன்று துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி மையம் என்று அறியப்படுகிறது. 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலமும் இத்தகைய இயற்கை ரப்பர் தாங்கிகளைக் கொண்டது. காற்றாலையின் உச்சியிலும் கியர் பெட்டியின் அதிர்வு தூணுக்குள் இறங்காதபடி தடுப்பது ரப்பர் கலந்த மெத்தைகளே.

விடியற்காலையில் பெரட்டுக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மங்கில் சொட்டுச் சொட்டாகப் பால் சேர்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். அந்தப் பாலுக்கு இப்படியொரு மறுபிறவி இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது பெற்றோரின் கடமை.

மாடி வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

உயரமான கட்டடம் காற்றிலோ தூரத்து நிலநடுக்கத்திலோ மெதுவாக அசைவது குறையல்ல. அசையும் என்று கணக்குப் போட்டுத்தான் அதைக் கட்டுகிறார்கள். அசைந்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்து அடங்கினால் அது நல்ல கட்டடம். ஆனால், அசைவுக்குப் பிறகு தூண்களிலோ உத்தரங்களிலோ புதிய விரிசல் தெரிந்தால், கதவுகள் திடீரென்று சட்டத்தில் இடித்துத் திறக்க மறுத்தால், அதை நிர்வாகக் குழுவிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொறியியலாளரை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பூச்சு வெடிப்பையும் தூண் விரிசலையும் பிரித்துச் சொல்ல அவரால்தான் முடியும்.

நில அசைவு உணரப்படும்போது மின்தூக்கியில் ஏறக் கூடாது. கண்ணாடி ஜன்னலையும் உயரமான அலமாரியையும் விட்டு விலகி, உறுதியான மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொண்டு, அசைவு நிற்கும் வரை இருப்பது நல்லது. பிறகு படி வழியே நிதானமாக இறங்கலாம். கனமான அலமாரிகளையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சுவரோடு பிணைத்து வைப்பது சிறிய செலவு, பெரிய பாதுகாப்பு. நம் நாட்டில் கட்டடங்களுக்கான நிலநடுக்க வடிவமைப்பு விதிகளின் தேசிய இணைப்பு 2017ஆம் ஆண்டு வெளியானது. புதிதாக அடுக்குமாடி வீடு வாங்குவோர், சமையலறையின் பளபளப்பைப் பற்றி மட்டும் கேட்காமல், அந்த விதிகளின்படி கட்டடம் வடிவமைக்கப்பட்டதா என்றும் மேம்பாட்டாளரிடம் கேட்கலாம். கேட்பது வாங்குபவரின் உரிமை.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன படிப்பது என்று குழம்பும் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உயரக் கட்டுமானங்கள் கூடக்கூட, அவற்றின் அதிர்வை அளப்பவரும், போல்ட்டை முறுக்கிச் சோதிப்பவரும், பற்றவைத்த இணைப்பில் விரிசல் தேடுபவரும் தேவைப்படுகிறார்கள். பட்டம் பெற்ற பொறியியலாளருக்கு இருக்கும் அதே மதிப்பு, கைத்திறன் கற்ற தொழில்நுட்பருக்கும் இங்கே உண்டு. காற்றை யாராலும் நிறுத்த முடியாது. அது எந்தத் தாளத்தில் தட்டுகிறது என்று முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பவர்களை நம்பித்தான், 170 மீட்டர் உயரத்துப் பாலத்தில் மக்கள் கவலையின்றி நடந்துகொண்டிருக்கிறார்கள்.